மடியில் ஒரு மடக்குக்கத்தி

அத்தானின் முகத்தைச் சரியாகப் பார்க்குமுன் அவருடைய கத்தியைப் பார்த்துவிட்டேன்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆவணி மாதம். புங்குடுதீவில் இறுப்பிட்டி எங்கள் ஊர். நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்துக்கொண்டு அக்கா வீட்டில் இருந்தேன். அக்காவின் கணவர் தெற்கே, கடலோரத்தில் ஒரு சின்னப் பட்டினத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். அந்தப் பட்டினத்தின் பெயரை அவர் பிறகு ஒருநாளும் வாயால் சொல்லவில்லை. நானும் இங்கே எழுதவில்லை. ஆடிக் கலவரத்தில் கடை எரிந்துபோனது என்றும், ஆள் உயிரோடு முகாமில் இருக்கிறார் என்றும் எங்களுக்குச் செய்தி வந்திருந்தது. எப்போது வருவார் என்று தெரியாது.

ஒரு பின்னேரம் யாரோ படலையை ஆட்டினார்கள். ஆடு மாடு நுழையாமல் இருக்க அதைக் கயிற்றால் கட்டிவைப்போம். அன்று கட்டியது நான்தான். "பொறுங்கோ, அவிழ்க்கிறன்" என்று சொல்லிக்கொண்டே ஓடினேன். முற்றத்திலிருந்து படலைக்குப் பத்துப் பன்னிரண்டு அடிதான் இருக்கும். அதற்குள் வெளியே நின்றவரின் கை இடுப்புக்குப் போய் வந்தது. டிக்கென்று ஒரு சத்தம். வெயிலில் ஏதோ மின்னியது. கயிறு இரண்டாகி விழுந்தது.

அதற்குப் பிறகுதான் அது அத்தான் என்று கண்டேன். இடுப்பில் யாரோ கொடுத்த சாரம், அளவில்லாமல் தோளில் தொங்கிய சட்டை. முன்பற்கள் இரண்டு பாதியில் முறிந்திருந்தன.

"நான் அவிழ்க்க வந்தனான்தானே அத்தான்," என்றேன்.

"அவிழ்க்க நேரமில்லைப் பிள்ளை," என்றார்.

ஒழுங்கையில் அவருக்குப் பின்னால் ஒருவரும் வரவில்லை. ஒரு கோழி மட்டும் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றது.

அக்கா ஓடிவந்து அவருடைய கையைப் பிடித்து அழுதாள். அவர் அழவில்லை. கிணற்றடிக்குப் போகும்போது கத்தியை என்னிடம் நீட்டினார். "இதைக் கொஞ்சம் வைச்சிரும். கீழை மட்டும் வைக்கவேண்டாம்."

அவர் குளித்து முடியும்வரை அது என் உள்ளங்கையில் இருந்தது. மூடியிருக்கையில் என் நடுவிரலளவுதான். மாட்டுக்கொம்பில் பிடி, கடும் மண்ணிறம், குறுக்கே பால் சிந்தியதுபோல் ஒரு வெள்ளைக் கீறு. இரண்டு பித்தளை ஆணிகள். அலகின் முதுகில் நகம் மாட்டி இழுக்க ஒரு சின்னப் பள்ளம். இழுத்துப் பார்த்தேன். பாதிவரை அடம்பிடித்தது, பிறகு தானாகவே போய் நிமிர்ந்து நின்றது. கைக்கு அடக்கமான, அழகான பொருள். ஆனால் வாழ்நாள் முழுக்கச் சீனியும் பருப்பும் நிறுத்துக் கொடுத்த மனிதர் இவ்வளவு கூரான ஒன்றை இடுப்பில் சொருகிக்கொண்டு ஏன் திரிகிறார்?

"எங்கை வாங்கினனீங்கள்?" என்று அக்கா கேட்டாள்.

"யாழ்ப்பாணத்திலை. பஸ் ஏற முந்தி."

"சட்டை ஒண்டு வாங்கியிருக்கலாமே."

"சட்டை பிறகு வாங்கலாம்."

பழைய அத்தானை எங்களுக்குத் தெரியும். வருடத்தில் இரண்டு தரம் விடுமுறைக்கு வருவார். பெட்டி பெட்டியாகச் சாமான் கொண்டுவருவார். ஒவ்வொன்றும் சணல் நூலால் கட்டியிருக்கும். அவர் போட்ட முடிச்சு தானாக அவிழாது என்று வீட்டில் பகிடி சொல்வோம். நாங்கள் பல்லாலும் நகத்தாலும் மல்லுக்கட்டுவதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நூலின் ஒரு நுனியைப் பிடித்து மெல்ல ஒரு சுண்டு சுண்டுவார். முழுவதும் கழன்று விழும். கடைக்காரனின் கை அது.

இந்த முறை வந்தவர் ஒரு முடிச்சையும் அவிழ்க்கவில்லை. கண்டதை வெட்டினார். உடுப்புக் காயப்போடும் கொடியின் முடிச்சு, நுளம்பு வலையின் நான்கு மூலைக் கயிறு, அரிசி மூட்டையின் வாய்க்கட்டு. நான் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகக் கட்டிவைத்த கொப்பிகளின் நூலைக்கூட விடவில்லை. வெட்டிவிட்டு, கத்தியைச் சாரத்தில் துடைத்து, மடித்து, மடியில் சொருகிக்கொண்டு போவார்.

காலையில் எழும்பியதும் கத்தியைச் சோதிப்பது அவருக்கு ஒரு பூசை. திறந்து வெளிச்சத்துக்குப் பிடித்து ஒற்றைக் கண்ணால் கூர் பார்ப்பார். முன்கை மயிரில் வைத்து மழித்துப் பார்ப்பார். பிடியை ஆட்டி, அலகு அசைகிறதா என்று காதருகே வைத்துக் கேட்பார். ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய். யாராவது வேறு கத்தியைக் காட்டினால் பொறுக்காது. "அலகு ஆடுது. அவசரத்துக்கு உதவாது," என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

என்ன அவசரம் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஒருநாள் பக்கத்து வளவுக்காரரின் மாடு, கட்டையைச் சுற்றிச் சுற்றி வந்து கயிறு குறுகிப்போய் நின்றது. அத்தான் வேலிக்குள்ளால் போய்க் கயிற்றை வெட்டிவிட்டார். மாடு நேரே மிளகாய்த் தோட்டத்துக்குள் போயிற்று. வளவுக்காரர் எங்கள் முற்றத்தில் வந்து நின்று கத்தினார்.

"கயிறு சுத்திக்கொண்டா அவிழ்த்துவிடுறதுதானே மனிசர் செய்யிறது!"

"அது மூச்சுவிட ஏலாமல் நிண்டது," என்றார் அத்தான்.

"மூச்சுவிட ஏலாமலோ? அது அசைபோட்டுக்கொண்டு நிண்டதையா!"

அத்தானின் கை மடிக்குப் போயிற்று. அது அவருடைய பழக்கம், வேறொன்றும் இல்லை. ஆனால் வளவுக்காரர் அதைப் பார்த்தார். கத்துவதை நிறுத்தி, இரண்டடி பின்னால் வைத்து, மாட்டைப் பிடிக்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வருவது குறைந்தது. கடையடியில் அவரைக் கண்டால் கதை நின்றுவிடும் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு ரீச்சர் எனக்குச் சொன்னா.

அக்காவும் நானும் கயிறுகளை ஒளிக்கத் தொடங்கினோம். படலைக்குக் கொளுக்கி போட்டோம். குசினியில் சணல் நூல் இருந்த டப்பாவை விறகுக்குப் பின்னால் வைத்தோம். கதவுகளுக்குத் தாழ்ப்பாள் போட அவர் விடவில்லை. காலம் கெட்டுக்கொண்டு வந்த நாட்கள். ஊரெல்லாம் பொழுதுபடக் கதவைப் பூட்டியது, எங்கள் வீடு மட்டும் திறந்து கிடந்தது.

கார்த்திகையில் ஒரு பெண் சுருவிலிலிருந்து பஸ் ஏறி வந்தா. அத்தானோடு கடையிலேயே தங்கிச் சமையல் செய்தவரின் மனைவி. அந்த மனிதருக்குத் தொய்வு வருத்தம். மழைக்காலத்தில் மூச்சு இழுக்கும் என்று அத்தான் முன்பெல்லாம் அவருக்கு ஊரிலிருந்து மருந்து கொண்டுபோவார். கடை எரிந்த அன்று அவர் செத்துப்போனார் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

அந்தப் பெண் கதிரையின் நுனியில் இருந்தா. "தம்பி, நீங்கள்தானே கடைசியாக் கூட நிண்டனீங்கள். என்ன சொன்னவர்? ஏதும் சொன்னவரோ?"

அத்தான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கத்தி எப்போது கைக்கு வந்தது என்று நான் காணவில்லை. திறந்தார். மூடினார். திறந்தார்.

"புகையக்கா," என்றார். "ஒண்டும் தெரியேல்லை. புகை."

"என்னை ஏதும்..."

டிக். டிக். அந்தப் பெண்ணின் கண் அந்த அலகிலேயே நின்றது. தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. அதைக் குடிக்காமலே எழும்பி, "நான் போட்டு வாறன் பிள்ளையள்," என்று சொல்லி, பின்பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனா. அக்கா படலைவரை ஓடினாள். நான் திரும்பிப் பார்த்தபோது அத்தான் கதிரையில் இல்லை. கிணற்றுக்குப் பின்னால் குனிந்து நின்று, ஓங்காளித்துச் சத்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

இராணுவச் சோதனைகள் கூடின. பஸ்ஸை மறித்து ஆட்களை இறக்கிப் பைகளைக் கொட்டிப் பார்ப்பார்கள். ஆண்களின் இடுப்பைத் தடவுவார்கள். அக்கா ஒவ்வொரு நாளும் சண்டை பிடித்தாள்.

"இஞ்சாருங்கோ, உந்தக் கத்தியை வைச்சிட்டுப் போங்கோ. பிடிச்சாங்களெண்டா ஆரெண்டு கேக்கமாட்டாங்கள்."

"அது பழம் வெட்டுற கத்தி."

"அது அவங்களுக்குத் தெரியுமோ? உங்களுக்கு ஒண்டு நடந்தா நான் என்ன செய்யிறது?"

"ஒண்டு நடந்தா எண்டுதானே வைச்சிருக்கிறன்," என்பார்.

அவர் உயிரோடு வந்ததற்கு அக்கா நயினாதீவு அம்மனுக்கு நேர்த்தி வைத்திருந்தாள். அடுத்த ஆனியில் திருவிழாவுக்குப் போனோம். புறப்படுமுன் அக்காவின் கண்முன்னால் அத்தான் கத்தியை எடுத்து அலுமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். குறிகட்டுவான் துறையில் லோஞ்ச் படகு ஏறியபோது அக்காவின் முகத்தில் கொஞ்சம் நிம்மதி தெரிந்தது. கடல் அமைதியாக இருந்தது. அத்தான் உள்ளே இருக்கவில்லை. மேல்தட்டில் வெயிலில் நின்றார்.

நயினாதீவு இறங்குதுறையில் சோதனைச் சென்றி. ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை, இரண்டுக்கும் நடுவில் ஒரு மேசை. அத்தானின் இடுப்பைத் தடவிய சீருடைக்காரனின் கை நின்றது. மடியை விரித்து, கொம்புப்பிடிக் கத்தியை எடுத்து மேசையில் வைத்தான்.

அக்காவின் நகம் என் கையில் பதிந்தது. எப்போது திரும்ப எடுத்தார் என்று எங்களுக்குத் தெரியாது.

அவனுக்கு இருபத்திரண்டு வயதுகூட இராது. கத்தியைத் திறந்தான். சிங்களத்தில் உரத்து ஏதோ கேட்டான். துவக்கோடு இன்னொருவன் கிட்ட வந்தான். வரிசை ஓரடி பின்வாங்கியது.

அத்தான் பதில் சொல்லத் தொடங்கினார். இருபது வருடம் பேசிய மொழி அவருக்கு. முதலில் இரண்டு சொல். அவன் மறுபடியும் அதட்டினான். அத்தான் மறுபடியும் பேசினார். பிறகு அவர் நிறுத்தவில்லை. இரண்டு கைகளாலும் காற்றில் எதையோ முறுக்கி இழுத்துக் காட்டினார். விரல்களை நடுக்கிக் காட்டினார். வாயைத் திறந்து முறிந்த பற்களைத் தொட்டுக் காட்டினார். கடைசியில் குனிந்து, பாரமான எதையோ தூக்க முயல்வதுபோல் செய்து, கைகளை விரித்துவிட்டு நின்றார். எங்களோடு பத்து மாதத்தில் அவர் பேசியதை எல்லாம் சேர்த்தாலும் அவ்வளவு வராது.

அந்தப் பெடியன் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றான். துவக்குக்காரன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு பெடியன் கத்தியை மெல்ல மடித்து, மேசை லாச்சிக்குள் போட்டு, தணிந்த குரலில் ஏதோ சொல்லிப் போகும்படி கையைக் காட்டினான்.

"என்ன கேட்டவன்? என்ன சொன்னனீங்கள்?" என்று அக்கா கேட்டாள்.

"மாம்பழம் வெட்ட எண்டு சொன்னனான். திரும்பிப் போகேக்கை வாங்கட்டாம்."

மாம்பழம் வெட்ட என்று சொல்ல அவ்வளவு நேரம் செல்லாது.

அத்தான் அர்ச்சனைக்கு உள்ளே போயிருந்தபோது, நாங்கள் கோயில் வீதியில் மரத்தடியில் இருந்தோம். வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்ற ஒரு பெண் வந்து பக்கத்தில் இருந்தா. கணவர் புகையிரதத்தில் வேலை செய்தவராம். சிங்கள ஊர்களில் பதினைந்து வருடம் இருந்தவவாம்.

"பிள்ளை, அவர் உன்ரை மனிசனோ?" என்று அக்காவைக் கேட்டா. "அவர் சொன்னது உனக்கு விளங்கினதோ?"

"இல்லை."

அந்த அம்மா இன்னும் கிட்ட வந்து சொன்னா. "கூட்டம் வருகுதெண்டு கேள்விப்பட்டு, கடையின்ரை பின்கதவை உள்ளாலை கயித்தாலை கட்டினவராம். பூட்டு உடைஞ்சிருந்ததாம். ஆராலையும் திறக்க ஏலாதபடிக்கு முடிச்சுக்கு மேலை முடிச்சாப் போட்டவராம். முன்பக்கத்தாலை நெருப்பு வைச்சிட்டாங்கள். இவரும் சமையல்காரரும் பின்னறைக்குள்ளை. தான் போட்ட முடிச்சைத் தன்னாலையே அவிழ்க்க ஏலாமல் போச்சாம். கை நடுங்கினதாம். கடையிலை விக்கிற கத்தியெல்லாம் முன்பக்கம், நெருப்புக்குள்ளை. பல்லாலை கடிச்சவராம். பல்லு முறிஞ்சுதாம். கயிறு அறுபடேக்கை சமையல்காரர் விழுந்திட்டாராம், மூச்சில்லையோ இருக்கோ தெரியாதாம். தூக்கிப் பார்த்தவராம். பாரமாம். விட்டிட்டு ஓடினவராம்."

அக்கா நிலத்தில் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"மடியிலை ஒரு கத்தி இருந்திருந்தா அந்த மனிசன் இண்டைக்குத் தன்ரை வீட்டிலை இருப்பார் எண்டு அந்தப் பெடியனுக்குச் சொன்னவர்," என்றா அந்த அம்மா.

"அம்மா, இதை வேறை ஒருத்தருக்கும் சொல்லாதையுங்கோ," என்றாள் அக்கா. அவ்வளவுதான்.

திரும்பும்போது மேசையில் வேறொருவன் இருந்தான். அத்தான் கேட்டார். அவன் லாச்சியைத் திறந்து காட்டினான். டோர்ச் பற்றரிகள், ஒரு சவர அலகு, நகம்வெட்டி. கத்தி இல்லை. முதல் ஆள் முறை மாறிப் போய்விட்டானாம். தனக்கு ஒன்றும் தெரியாதாம். லோஞ்ச்காரர் சத்தம் வைத்தார். பின்னால் சனம் நெருக்கியது. அத்தானின் கை மடிக்குப் போய் வெறுமையாகத் திரும்பியது. அக்கா அந்தக் கையை எல்லோரும் பார்க்கப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

அதற்குப் பிறகு அவர் வீட்டுக்குள் வரவில்லை. முற்றத்து வேப்பமரத்தடியில் பாய் போட்டு இருந்தார். சோற்றைப் பிசைவார், சாப்பிடமாட்டார். அக்கா உள்ளே கூப்பிட்டால், "இஞ்சை காத்து வருகுது," என்பார். நிமிடத்துக்கு ஒருதரம் கை மடிக்குப் போகும். நான்கு நாட்களில் கன்னம் ஒட்டிவிட்டது. நான் பள்ளிக்கூடத்தில் நின்றாலும் நினைவு முழுக்க அந்த மரத்தடியில்தான். மணி அடித்ததும் ஓட்டமும் நடையுமாக வருவேன், இருக்கிறாரா என்று பார்க்க.

ஐந்தாம் நாள் காலை அக்கா சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். "வெளிக்கிடு. யாழ்ப்பாணம் போவம்."

"என்னத்துக்கு அக்கா?"

"கத்தி வாங்க."

நான் அவளைப் பார்த்தேன். பத்து மாதமாக அதைக் கடலில் எறியச் சொன்னவள் அவள்.

யாழ்ப்பாணத்தில் மூன்று கடைகளில் இல்லை என்றார்கள். நான்காவது கடைக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "மடக்குக்கத்தியோ? இப்ப நாங்கள் எடுக்கிறேல்லைப் பிள்ளை. பிடிபட்டா எங்களுக்கும் கரைச்சல். என்னத்துக்கு உங்களுக்கு?"

"வீட்டிலை ஒருத்தருக்குச் சுகமில்லை," என்றாள் அக்கா.

அவருக்கு என்ன விளங்கியதோ, உள்ளே போய்த் தேடி ஒன்றைக் கொண்டுவந்தார். பச்சைப் பிளாஸ்டிக் பிடி. தகரம்போல் மெல்லிய அலகு. திறந்தால் இரண்டு பக்கமும் ஆடியது. கண்டவுடனேயே எனக்குத் தெரிந்தது, அத்தான் ஒரு பார்வையில் தள்ளிவிடுவார். அக்காவுக்கும் தெரியும். வேறு இல்லை.

அக்கா பேக்கரியில் சூடாக ஒரு றாத்தல் பாண் வாங்கினாள். பஸ் நிலையத்தில் ஒரு சுவரோரம் திரும்பி நின்று, பாணின் அடிப்பக்கத்தை விரலால் துளைத்து, கத்தியை உள்ளே தள்ளி, பிய்த்த துண்டால் அடைத்தாள். அவளுடைய விரல் நடுங்கவில்லை. யாராவது பார்க்கிறார்களா என்று நான் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பண்ணைப் பாலத்தடியில் பஸ்ஸை மறித்தார்கள். எல்லோரும் இறங்கினோம். ஒருவன் பையைத் திறந்து பாணை எடுத்தான். இன்னும் சூடு இருந்தது.

"பாண்?" என்றான்.

"ஓம், பாண்," என்றாள் அக்கா.

அவன் அதைக் கையில் வைத்துப் பார்த்தான். அமுக்கப் போகிறான் என்று நினைத்தேன். அவன் ஒரு முனையில் பொருக்கைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, சிரித்து, பாணைத் திருப்பிக் கொடுத்தான். பஸ் புறப்பட்டு வேலணை தாண்டும்வரை அக்கா மூச்சுவிட்டாளோ தெரியாது.

பொழுது சாயுமுன் வந்துசேர்ந்தோம். அத்தான் அதே மரத்தடியில் இருந்தார். அக்கா பாணை அவருடைய மடியில் வைத்து, முன்னால் நிலத்தில் இருந்தாள்.

"பிச்சுச் சாப்பிடுங்கோ."

அவர் வேண்டாவெறுப்பாகப் பிய்த்தார். விரல் ஏதோ ஒன்றில் தட்டியது. மெல்ல இழுத்தார். பச்சைப் பிடியில் பாண் துகள் ஒட்டியிருந்தது. அதைத் திறந்தார். அலகு ஆடியது. நான் காத்திருந்தேன். வெளிச்சத்துக்குப் பிடிக்கவில்லை, காதருகே வைத்து ஆட்டிப் பார்க்கவில்லை. துகள்களைச் சாரத்தில் துடைத்தார்.

"நல்ல கத்தி," என்றார்.

தீவை விட்டு எல்லோரும் வெளிக்கிட்ட காலத்திலும், அதற்குப் பிறகு வவுனியாவில் கண்ணை மூடும்வரையிலும், அந்தக் கத்தியைப் பற்றி வேறொரு சொல் அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

"பண்ணையிலை மறிச்சவங்களோ?" என்று அன்று அக்காவைக் கேட்டார்.

"மறிச்சவங்கள்."

"பிடிபட்டிருந்தா?"

"பிடிபடேல்லைத்தானே."

அவர் கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சேரும்," என்றார். குரல் எங்கோ ஆழத்திலிருந்து வந்தது. "நான் அந்த மனிசனை விட்டிட்டு வந்திட்டன்."

"எனக்குத் தெரியும்," என்றாள் அக்கா. "சாப்பிடுங்கோ."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. பாணை நிலத்துப் பாயில் வைத்து வெட்டத் தொடங்கினார். அந்தக் கத்தி வெட்டவில்லை, நசித்தது. நசிந்த துண்டுகளை ஒன்றும் மிச்சம் விடாமல் மூன்று பேருமாகச் சாப்பிட்டோம்.